எறும்பு மொய்த்த கண்ணாடிச் சில்லு

தேனியிலிருந்து கம்பத்துக்கு வரும் காலை பஸ் எங்கள் சந்து முனையில் நிற்கிற வழக்கமில்லை. கரி கேஸில் ஓடுகிற வண்டி. ஒரு தடவை நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவதற்குள் டிரைவருக்கு உயிர் போய் உயிர் வரும். சென்ற ஞாயிற்றுக்கிழமை அது நின்றது. கண்டக்டர் தங்கராசு தோல்பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, சேற்றில் காலை வைத்து ஓடி வந்தான். எங்கள் கட்டடத்தில் மாடி வீட்டில் குடியிருப்பவன் அவன். நான் கீழ் வீட்டுக்காரி. அவனுடைய தாயார் ஒச்சம்மாளும் நானும் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

"டீச்சரம்மா, சூப்பரைசரய்யா போயிட்டாக" என்றான். "பாளையத்துல, மக வீட்ல. விடியக்காலம் உசுரு பிரிஞ்சிருக்கு. சாயங்காலம் எடுக்குறாகளாம். கேதத்துக்கு வாரவுகளை மத்தியான பஸ்ல ஏத்திக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினான். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் முறத்தைப் பிடித்தபடி இருந்தேன். ஒச்சம்மாள் எழுந்தார். 'ஐயோ' என்று ஒரு வார்த்தை இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. சேலைத் தலைப்பை உதறிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தக் குடும்பத்துக்காக அந்த மனிதர் பட்ட பாட்டுக்கு இதுதானா மரியாதை என்று நினைத்தேன். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுத நினைத்தேன். அது எவ்வளவு நேரம் நிலைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அருணாசலம் அவர்கள் கால்வாய் மராமத்து வேலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சூப்பரைசரய்யா என்றால்தான் கம்பத்தில் தெரியும். நெட்டையான உருவம், கணுக்காலைத் தொடாத வேட்டி, கையில் ஒரு பிரம்பு. பிரம்பு ஊன்றி நடப்பதற்கு அல்ல, சுவரைத் தட்டுவதற்கு. காலமானவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் எல்லோரிடமும் இனிமையாகப் பழகினார் என்று எழுதுவார்கள். நான் அப்படி எழுதினால் எங்கள் கட்டடத்து எட்டு வீட்டுக்காரர்களும் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அவர் நல்ல வார்த்தை சொல்லி நாங்கள் கேட்டது குறைவு. ஒரு வீட்டுக்குள் வந்தால் மனிதரைப் பார்க்க மாட்டார், மோட்டைப் பார்ப்பார். காப்பி கொடுத்தால் குடித்துக்கொண்டே, "இந்தச் சொவத்துல ஆணி அடிச்சது யாரு?" என்று கேட்பார்.

எங்கள் கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வீடாகக் கட்டியதே அல்ல. மீரான் ராவுத்தரின் தகப்பனார் காலத்தில் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்தது. வியாபாரம் வேறு இடத்துக்குப் போனதும், குறுக்கே சுவர் வைத்து, கீழே நாலு, மேலே நாலு என்று எட்டு வீடாக்கி ராவுத்தர் வாடகைக்கு விட்டார். என் கணவர் குமுளிக்கு மேலே ஏலத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர். மாதத்துக்கு ஒரு முறை இறங்கி வருவார். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டு கீழே மூன்றாவது வீட்டில் இருந்தேன். மனைவியை இழந்த சூப்பரைசரய்யா, தனிக்கட்டையாக, நான்காவது வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் வீட்டுக்கு நேர் மேலேதான் ஒச்சம்மாளின் வீடு.

அவர் வந்த வருஷம் புரட்டாசி கடைசியில் நாங்கள் மொட்டைமாடியில் தளம் இடித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழைக்கு முன்னால் இது எங்களுக்கு ஒரு திருவிழா மாதிரி. மழைக்கு மாடி ஒழுகும். ஒழுகிய இடத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் புதிதாக ஒரு அடுக்கு போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் இடிப்போம். ராவுத்தர் வீட்டிலிருந்து நெய்ச்சோறு வரும். அன்றைக்கு எல்லோரும் கேலியும் கிண்டலுமாக இடித்துக்கொண்டிருந்த நேரத்தில் படியேறி வந்தார் இவர். ஓரத்தில் உட்கார்ந்து, பிரம்பால் தளத்தின் கனத்தை அளந்தார். முகம் மாறிவிட்டது.

"நிப்பாட்டுங்க" என்றார். "இனிமே ஒரு கூடை மேல ஏறக் கூடாது."

ராவுத்தர் சிரித்தார். "சூப்பரைசரய்யா, எங்க வாப்பா காலத்துலருந்து இப்பிடித்தான். ஒழுகுற எடத்துல போட்டாத்தான ஒழுகாது?"

"வருசா வருசம் போடுறீக. பழசை யாராச்சும் எடுத்தீகளா? கீழ இருக்குற உத்தரம் அன்னைக்கு வச்ச அதே உத்தரந்தான. அது தலையில வருசத்துக்கு ஒரு மூட்டை ஏத்துறீக. ஒழுகுற தண்ணி எங்கன போகுதுன்னு மொத பாருங்க. வீட்டைக் கொல்றது தண்ணிதான்."

யாரும் கட்டையைத் தூக்கவில்லை. சோறு ஆறிப்போயிற்று. பெண்கள் முனகிக்கொண்டே இறங்கினார்கள். எனக்கும் எரிச்சல்தான். படியில் அவரை நிறுத்தி, "நல்ல நாளும் அதுவுமா இப்படியா பயமுறுத்துவது?" என்று கேட்டேன். அவர் தணிந்த குரலில், "நான் வேலையில இருந்தப்ப ஒரு கூரை விழுறதைக் கண்ணால பாத்தேன் டீச்சரம்மா. மொதல்ல சத்தம் போடும்னு எல்லாரும் நெனைக்கிறாக. போடாது. பொடி உதிரும். அவ்வளவுதான்" என்றார். அந்தக் கட்டடம் எது, யாருக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி அவர் முகம் இல்லை.

மறுநாளிலிருந்து கட்டடம் முழுக்க நடந்து விரிசல்களைத் தேடினார். படம் சட்டம் போடுகிற கடையில் கழிவுக் கண்ணாடி வாங்கி, விரல் அகலச் சில்லுகளாக வெட்டி வந்தார். ஒவ்வொரு விரிசலின் குறுக்கேயும் ஒரு சில்லை வைத்து, இரண்டு பக்கமும் சுண்ணாம்பால் பதித்தார். விரிசல் அப்படியே நின்றால் கண்ணாடி நிற்கும். கொஞ்சம் அகன்றாலும் கண்ணாடி படக்கென்று உடையும்.

"நிக்கிற விரிசல் கெழவன் நெத்திச் சுருக்கம் மாதிரி, அதுபாட்டுக்கு இருக்கும்" என்பார். "நடக்குற விரிசல்தான் ஆளை முழுங்கும். கண்ணாடி உடைஞ்சா எனக்கு வந்து சொல்லணும்."

கட்டடத்தில் அவருக்குக் கண்ணாடி வைத்தியர் என்று பேராயிற்று. நானும் அப்படித்தான் சொல்லிச் சிரித்தேன். ஒச்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வீட்டுப் பின்னறையில், உத்தரத்தின் முனை சுவருக்குள் போகிற இடத்துக்குக் கீழே ஒரு நீளமான விரிசல் இருந்தது. மருமகள் பேச்சி பிள்ளைத்தாய்ச்சி. தாய்வீடு என்று போக அவளுக்கு யாரும் இல்லை, பிரசவம் இங்கேதான். அந்த நேரத்தில் சுவரில் கண்ணாடித் துண்டு எதற்கு என்று ஒச்சம்மாள் மறித்தார். தங்கராசுதான், "ஐயா நல்லதுக்குச் சொல்றாக, விடும்மா" என்று தாயாரைச் சமாதானம் செய்தான்.

அவன் சொன்னபடி சில்லு பதிந்தது. அந்த ஐப்பசியிலேயே, மழையும் பிரசவமும் சேர்ந்தே வந்தன.

மேற்கு மலை கண்ணுக்கே தெரியாத மழை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. பேச்சிக்குப் பெண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் அந்தப் பின்னறையில் இருந்தார்கள். நிலையில் வேப்பங்கொத்து, தலைமாட்டில் அரிவாள், மூலையில் கணப்புச் சட்டி. தீட்டுக் கழிகிற வரைக்கும் ஆண்பிள்ளை யாரும் உள்ளே போகக் கூடாது. பிள்ளை பெற்றவள் அறையை விட்டு வெளியே வரவும் கூடாது.

அன்று மத்தியானம் சூப்பரைசரய்யா கதவைத் தட்டினார். கையில் சாப்பாட்டுத் தட்டு. சோற்றின் மேல் மாவு தூவின மாதிரி வெள்ளைப் பொடி.

"பலகை இடுக்கு வழியா மேலருந்து விழுகுது" என்றார். அவர் பதறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தட்டை என் வாசலில் வைத்துவிட்டு மாடிக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன்.

ஒச்சம்மாள் பின்னறை வாசலில் உட்கார்ந்திருந்தார். "ஆத்தா, உள்ள கண்ணாடி எப்பிடி இருக்கு?" என்று இவர் கேட்டார்.

"முழுசா இருக்குய்யா."

"நல்லாப் பாத்தீகளா?"

"காலையிலகூடப் பாத்தேன். முழுசாத்தான் இருக்கு."

அவர் மூச்சை விட்டார். கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் நடக்கவில்லை என்று அர்த்தம். திரும்பி இரண்டு படி இறங்கியவர் நின்றார். பின்னறைக்குக் கதவு இருந்தது; ஆனால் அது பாதி திறந்தபடி நிற்க, வாசலில் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"கதவ ஏன் சாத்தல? பச்சப்பிள்ளைக்குக் குளிரடிக்காதா?"

"மழைக்கு ஊதிக்கிருச்சுய்யா. நேத்துலருந்து சாத்த மாட்டேங்குது."

அவர் கதவின் மேல் விளிம்பைப் பார்த்தார். நிலைச்சட்டம் ஒரு பக்கம் இறங்கி, கதவின் மூலையைக் கவ்விப் பிடித்திருந்தது. மழையில் மரம் ஊதியது வேறு, சட்டம் இறங்கியது வேறு என்று அவர் எனக்குப் பிற்பாடு சொன்னார். அப்போது உள்ளே போகக் காலை எடுத்தார், ஒச்சம்மாள் எழுந்து குறுக்கே நின்றார்.

"ஐயா, ஆம்பளை உள்ள போகக் கூடாது. கையெடுத்துக் கும்புடுறேன்."

அவர் என்னிடம் திரும்பினார். "டீச்சரம்மா, நீங்க போங்க. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சொந்தமா ஒண்ணும் சேக்காதீக."

வகுப்பில் நான் சொல்கிற வார்த்தையை எனக்கே சொன்னார். வேறு சமயமாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு, விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பகலிலேயே அறை இருட்டு. பேச்சி, குழந்தையை அணைத்தபடி பின் சுவரோரம் படுத்திருந்தாள். வாசல் காற்று படாத இடம் என்று அங்கே படுக்கை போட்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். உத்தரத்தின் முனை அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது.

"கண்ணாடி இருக்கா?" சேலைக்கு அப்பாலிருந்து குரல்.

"இருக்கு."

"கீறல்?"

"இல்ல. முழுசு."

"ரெண்டு ஓரத்துலயும் பதிச்ச சுண்ணாம்பு வெள்ளையா இருக்கா, பழுப்பேறி இருக்கா?"

விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். "சுண்ணாம்பு எதுவும் தெரியல. ஓரத்துல எறும்பு மொய்ச்சுக்கிட்டு இருக்கு."

சேலைக்குக் கிட்டே அவர் நகர்ந்து வருகிற சத்தம் கேட்டது.

"எறும்பா?"

"ஆமா. சின்ன எறும்பு. வரிசையா வருது."

"சுண்ணாம்புல எறும்பு மொய்க்காது டீச்சரம்மா" என்றார். பிறகு, வேறு யாரிடமோ பேசுகிற குரலில், மிக மெதுவாக, "ஆத்தா, அது நான் வச்ச கண்ணாடி இல்ல. யாரு ஒட்டுனது?"

ஒச்சம்மாள்தான் பதில் சொன்னார். "உடைஞ்ச கண்ணாடி வீட்ல இருக்கலாமாய்யா? அதுவும் பிள்ளைத்தாச்சி படுக்குற எடத்துல? ஒரு நா காலையில பாத்தேன், ரெண்டா உடைஞ்சு கெடந்துச்சு. பேச்சி கண்ணுல படுறதுக்கு முன்ன பேத்துக் குப்பையில போட்டுட்டேன். நீங்க ஆசையா ஒட்டுனதாச்சே, மனசு நோவுமேன்னு சாமி படத்துக் கண்ணாடில ஒரு துண்டு எடுத்து, சோத்துக் கஞ்சி தடவி, அதே எடத்துல ஒட்டி வச்சேன்."

"அது அப்பிடியே நின்னுச்சா?"

"இல்லய்யா. கீழ விழுந்துச்சு. மறுபடி ஒட்டுனேன். நேத்தும் விழுந்துச்சு."

அவர் பதித்த சில்லு அன்றைக்கே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. அந்த அம்மாள் அன்பினாலும் பயத்தினாலும் அதன் வாயை அடைத்திருக்கிறார். அந்தச் சுவர் எத்தனையோ நாளாக நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

"ஆத்தா, தாயையும் பிள்ளையையும் இப்பவே கீழ எறக்கணும்" என்றார் சூப்பரைசரய்யா.

"தீட்டோடயா? வாசப்படி தாண்டுனா காத்து கருப்பு அண்டிரும்யா. மொத பிள்ளையை அப்பிடித்தான் பறிகுடுத்தோம். மாட்டேன். என்னைக் கொன்னாலும் மாட்டேன்."

உள்ளே நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நல்ல வார்த்தையாக இருக்காது. அவர் என்னை அதட்டினார். "டீச்சரம்மா, சும்மா இருங்க." பிறகு ஒச்சம்மாளிடம், கோபமே இல்லாமல் கேட்டார். "அறையை விட்டு வரக் கூடாது, அவ்வளவுதான? சரி. அறையைக் கீழ கொண்டு போவோம். இந்த வேப்பங்கொத்து, அரிவா, கணப்பு, இந்தச் சேலை எல்லாம் முன்னால போகட்டும். டீச்சரம்மா வீட்டு உள்ளறையில இதே மாதிரி வைங்க. நீங்களே உங்க கையால வைங்க. பெறகு, தலைக்கு மேல வேற ஒரு சேலையைப் பிடிச்சு, அதுக்குள்ளயே பேச்சியை நடத்திக் கூட்டியாங்க. அறையை விட்டு அறைக்குத்தான போறா. எடையில வெளி இல்ல."

"என் வீடு தீட்டு வீடாக இருக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை" என்று நான் உள்ளிருந்தே சொன்னேன்.

ஒச்சம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன கண்டாரோ, நிலையில் செருகியிருந்த வேப்பங்கொத்தை உருவினார்.

"உள்ள ரெண்டு பேருக்கு மேல நிக்காதீக. யாரும் ஓடாதீக. மாடிக்கு மேல யாரையும் ஏற விடாதீக" என்று சூப்பரைசரய்யா வெளியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். சேலையோடு மற்றதெல்லாம் முதலில் இறங்கின. ஒச்சம்மாள் திரும்பி வரும் வரைக்கும் பேச்சியும் நானும் அந்த உத்தரத்தின் கீழே காத்திருந்தோம். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையை நான் வாங்கி, வாசலில் நின்ற ஒச்சம்மாளிடம் கொடுத்தேன். பேச்சியைத் தூக்கி நிறுத்தி, வேறொரு சேலையை அவள் தலைக்கு மேல் பிடித்து, நாலு எட்டு வைத்திருப்போம். பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். அவள் தலை வைத்திருந்த துணியின் மேல், உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்புப் பெயர்ப்பு விழுந்து கிடந்தது.

"திரும்பிப் பாக்காதீக" என்றார். நாங்கள் வெளியே வந்தபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பிள்ளை பெற்ற பெண் கடந்து போகும்போது பார்க்கக் கூடாது என்ற மரியாதையை அந்த நேரத்திலும் அவர் விடவில்லை.

இதற்குள் ராவுத்தர் குடையோடு வந்துவிட்டார். "என்னய்யா ரகளை? என் கட்டடம் விழுந்தா என் மேல விழட்டும். உமக்கென்ன?"

"உம்ம மேல விழுந்தா நான் வாயத் தெறக்க மாட்டேன் ராவுத்தரே. உள்ள எட்டுக் குடும்பம் இருக்கு. இந்த அறை வரைக்கும் ஒரு தரம் எட்டிப் பாரும்."

ராவுத்தர் எட்டிப் பார்த்தார். படுக்கையைப் பார்த்தார், அதன் மேல் கிடந்த பெயர்ப்பைப் பார்த்தார், அதற்கு மேலே பார்த்தார். "யா அல்லா" என்று சொல்லிவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் அவருடைய கடைக்குப் பின்னாலிருந்து காட்டுமரத் தூண்கள் ஆள் தோளில் வந்தன. கூடவே கொத்தனார் சின்னுவும் வந்தார்.

அறை இப்போது தீட்டு அறை இல்லை. சூப்பரைசரய்யா முதல் ஆளாக உள்ளே போனார். உத்தரத்தின் கீழே பலகை வைத்து, தூணை நிறுத்தி, அடியில் ஆப்புச் செருகினார்கள். சின்னு வேகவேகமாகச் சுத்தியலை ஓங்கினார். இவர் அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"ஏலே, தூக்காத. தாங்குனா போதும். இத்தனை வருசம் எறங்குனதை ஒரு அடியில தூக்கி நிமித்தப் பாத்தா மொத்தமா வந்துரும். மெதுவா, அது நம்ம மேல சாயுற வரைக்கும்தான்."

ஆப்பு மெதுவாக இறங்கியது. மரம் ஒரு தரம் முனகி அடங்கியது. சூப்பரைசரய்யா வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தார்.

மழை விட்டபின் சுவரைத் திறந்து பார்த்தார்கள். வெளியே தெரிந்த வரைக்கும் உத்தரம் நல்ல தேக்கு. சுவருக்குள் இருந்த முனையில் சின்னு விரலை வைத்தார். மூக்குப்பொடி டப்பிக்குள் போகிற மாதிரி விரல் உள்ளே போயிற்று. மாடியிலிருந்து வழிந்த தண்ணீர் எல்லாம் அந்தச் சுவருக்குள் தங்கி, முனையைத் தின்றிருந்தது. மேலே தளத்தை வெட்டினால் அடுக்கு அடுக்காக வந்தது, நாங்கள் இடித்த வருஷங்கள் எல்லாம். அத்தனையையும் சூப்பரைசரய்யா வழித்து இறக்கினார். உத்தரத்துக்குப் புது முனை போட்டு, இரும்புப் பட்டை பூட்டி, அதைச் சுற்றிச் சுவரில் இடைவெளி விட்டார். மரத்துக்குக் காற்றுப் பட வேண்டுமாம். தண்ணீர் போகிற தூம்பை அகலமாக்கினார். கட்டடம் நிமிர்ந்தது.

கூரை விழவில்லை. அதனாலேயே, கொஞ்ச நாள் போனதும், "ஐயா வீணா எல்லாரையும் கலங்கடிச்சுட்டாக" என்று பேச்சு வந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. அவரிடமே போய்ச் சொன்னேன். "விழலைன்னுதான சொல்றாக? அதுக்குத்தான டீச்சரம்மா அம்புட்டும் பண்ணுனோம்" என்றார்.

ஒச்சம்மாளை அவர் ஒரு வார்த்தை கடிந்து நான் கேட்டதில்லை. அந்த அம்மாள்தான் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். வெட்கமா, வீம்பா, தெரியாது. எதிரே வந்தால் தலையைக் குனிந்து ஒதுங்கிவிடுவார். அது எனக்குப் பொறுக்கவில்லை. அவரோ வேறு மாதிரி பேசினார். "தப்பு என்னோடது. உடைஞ்சா எனக்குச் சொல்லணும்னு சொன்னேன். உடைஞ்ச கண்ணாடின்னா அவுகளுக்கு என்ன அர்த்தம்னு நான் கேக்கல." மறுபடி அந்தச் சுவரில் சில்லு பதித்தபோது, ஒச்சம்மாள் காதில் விழுகிற மாதிரி தங்கராசுவிடம் சொன்னார்: "இது உடைஞ்சா கெட்ட சகுனம் இல்லப்பா. நமக்கு முன்னால அது உடையுது. தொடாம எனக்கு வந்து சொல்லுங்க."

உலகச் சண்டைக் காலத்தில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. மகள் வந்து உத்தமபாளையத்துக்கு அழைத்துப் போனார். அப்புறமும் ஐப்பசிக்கு முன்னால் தங்கராசுவின் பஸ்ஸில் வந்து இறங்குவார். கண் தெரியாததால் ஒவ்வொரு சில்லையும் விரலால் தடவிப் பார்ப்பார். இந்த வருஷம் வரவில்லை. போன வருஷம் என் வாசலில் நின்று, "தூம்பு வாயை மட்டும் பாத்துக்கிருங்க டீச்சரம்மா. எல்லாம் அங்கனதான் ஆரம்பிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனதுதான் கடைசி.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் கோபத்தோடு உட்கார்ந்திருந்தேன். மாடியில் பாய் இழுபடுகிற சத்தம், பாத்திரம் உருள்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் ஒச்சம்மாள் இறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"டீச்சரம்மா, பின்னறைக் கண்ணாடி உடைஞ்சிருக்கு" என்றார். "வெளக்கு ஏத்துறப்பத் தெனமும் அதைப் பாப்பேன். நேத்துச் சாயங்காலம் முழுசா இருந்துச்சு. இன்னைக்கு இன்னும் பாக்கலையேன்னு இப்பத்தான் நெனப்பு வந்துச்சு. பேச்சியையும் பிள்ளையையும் முன்னறைக்குக் கொண்டாந்துட்டேன். சின்னுக்கு ஆள் விட்டாச்சு."

தினமும் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லாமல். என் கோபம் அங்கேயே போயிற்று.

இரண்டு பேரும் மேலே போனோம். சில்லின் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு கோடு. இரண்டு பாதியும் சுண்ணாம்பில் அப்படியே இருந்தன. நான் மொட்டைமாடிக்கு ஏறித் தூம்பு வாயைப் பார்த்தேன். குருவி கூடு கட்டி, தேங்காய் நாரும் சருகும் அடைத்து, மூன்று நாள் மழைத் தண்ணீர் அந்தச் சுவரோரமே தேங்கியிருந்தது. கையை விட்டு இழுத்தேன். தண்ணீர் கொளகொளவென்று இறங்கியது. அவர் உயிர் பிரிந்த நேரமும் கண்ணாடி உடைந்த நேரமும் ஒன்று என்று கட்டடத்தில் பேசிக்கொள்கிறார்கள். அவர் கேட்டிருந்தால் பிரம்பால் தட்டித் தூம்பைக் காட்டியிருப்பார்.

சின்னு வந்து தூணை நிறுத்தினார். வயதாகிவிட்டாலும் அதே அவசரம், சுத்தியலை ஓங்கினார். வாசலில் நின்ற ஒச்சம்மாள் அதட்டினார்: "ஏலே, தூக்காத. தாங்குனா போதும்." சின்னு திரும்பிப் பார்த்தார். சுத்தியல் மெதுவாக இறங்கியது.

மத்தியான பஸ்ஸில் பாளையம் போனோம். மகள் வீட்டு முற்றத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அந்தப் பிரம்பு இருந்தது. பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒச்சம்மாள் அழவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவருடைய காலடியில் குந்தி உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவரோடு பேசாதவர், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"ஐயா, பின்னறைக் கண்ணாடி உடைஞ்சிருச்சு. நான் தொடல. ஆளுகளை முன்னறைக்கு மாத்திட்டேன். முட்டுக் குடுத்தாச்சு. உங்ககிட்டச் சொல்லணும்னு சொன்னீகள்ல, அதான் வந்தேன்."

அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் அழுதார். நானும் அழுதேன்.

போய் வாருங்கள் ஐயா. தூம்பு வாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.